மணி பிளாண்ட் பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

2024 மே 12, ‘வடக்குப் பால்கனி’ கேட்டது

எங்கள் வீட்டு மணி பிளாண்டுக்கு என் மகளின் வயது. ஜன்னல் கம்பியில் ஏறி, புத்தக அலமாரியைச் சுற்றி, ஹால் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒருமுறைகூடப் பூத்ததில்லை. எலும்புத் தூள் போட்டேன், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் ஊற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. “காசு கொடுத்து வாங்கிய செடி பூக்காது, திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பூக்கும்” என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. என்ன உரம் போடலாம்?

2024 மே 12, இரவு

எலும்புத் தூளை ரோஜாவுக்குப் போட்டுவிடுங்கள். மணி பிளாண்ட் உங்கள் வீட்டில் பூக்காது, என் வீட்டில் பூக்காது, மாமி வீட்டிலும் பூக்காது. அதன் சொந்த ஊர்க் காட்டிலேயே பூப்பது அபூர்வம்.

உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செடிகளைப் பூக்கத் தூண்டுபவற்றில் ஜிப்ரலின் என்ற ஹார்மோனும் ஒன்று. மணி பிளாண்டில் அந்த ஹார்மோனைத் தயாரிக்கும் பாதையில் ஒரு மரபணு சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வாளர்கள் வெளியிலிருந்து ஜிப்ரலிக் அமிலத்தைத் தெளித்தார்கள், செடி பூத்தது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்மில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே அது பூக்கும் பழக்கத்தை விட்டுவிட்டது.

மாமி சொன்ன திருட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

2024 மே 13

‘உரமூட்டை’ தன் செடியில் வெள்ளைப் பூ வந்ததாகப் படம் போட்டு, “இப்போது என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, அது பீஸ் லில்லி. தொட்டியில் இரண்டு செடிகள் இருக்கின்றன. தொட்டி நிறைந்து தெரியட்டும் என்று நர்சரியில் சேர்த்து நட்டிருப்பார்கள். இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டே மண்வரை போய்ப் பாருங்கள், இரண்டும் தனித்தனியாக முளைத்திருக்கும்.

2024 மே 14

பூ இல்லாததால் தாவரவியலாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஒரு செடி எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய அவர்கள் முதலில் தேடுவது பூவைத்தான். இது பூவைக் காட்டவே இல்லை. 1880இல் போத்தோஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சிண்டாப்சஸ் ஆக்கினார்கள். 1962இல் ஒரு செடி பூத்தது. அந்தப் பூவைப் பார்த்துவிட்டு ரஃபிடோஃபோரா என்றார்கள். இன்னும் உற்றுப் பார்த்துவிட்டு எபிபிரெம்னம் என்று மாற்றினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சாமான்களை வண்டியில் ஏற்றும் வாடகைக் குடித்தனக்காரர் போல நாலு பேரினங்களில் இருந்துவிட்டு, இப்போது அந்தக் கடைசி விலாசத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் மட்டும் இன்றும் பழைய போத்தோஸ்தான்.

2024 மே 15

“மைத்துனருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, அவரிடம் ஜிப்ரலிக் அமிலம் வாங்கித் தெளிக்கட்டுமா?” என்று ஒருவர் தனியாகக் கேட்டார். எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறேன்.

விதையில்லாத் திராட்சையில் பழம் பருக்க அதைத் தெளிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் கொடி நீளமாக இழுத்துக்கொண்டு போவதற்கும் அதே ஹார்மோன்தான் காரணம். அளவு தப்பினால் ஒல்லியாக நீண்ட தண்டுதான் மிஞ்சும். சரி, பூத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். மல்லிகையையா எதிர்பார்க்கிறீர்கள்? இது சேம்பு, சேனைக் குடும்பத்துச் செடி. வெளிறிய மடல் ஒன்று, அதன் நடுவே விரல் நீட்டியதுபோல் ஒரு தண்டு, அந்தத் தண்டை மூடிக்கொண்டு பொடிப்பொடியாகப் பூக்கள், அவ்வளவே. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. அதற்காக ஹாலில் ஹார்மோன் தெளிக்க நான் வரவில்லை.

2024 மே 19

திருட்டுக்கு வருகிறேன்.

பூ இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லாத செடி உலகம் முழுக்க எப்படிப் பரவியது? இதன் பிறந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா தீவு என்கிறார்கள். அங்கிருந்து மயிலாடுதுறையில் என் மாமியார் வீட்டுக் கொல்லைப்புறச் சன்னலுக்கு அது வந்து சேர்ந்த வழி முழுவதும் மனிதக் கைகள்தான். யாரோ ஒடித்தார்கள், யாரோ வாங்கினார்கள், தண்ணீரில் போட்டார்கள், மறுபடி ஒடித்தார்கள். உங்கள் செடியும் என் செடியும் நகலின் நகல்கள். ஒரே கொடியின் வெவ்வேறு துண்டுகள் என்றுகூடச் சொல்லலாம்.

என் மாமியாருக்கு அதைக் கொடுத்தவர் அவர் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை. கொடுத்தார் என்பது மாமியாரின் வார்த்தை. என் மாமனார் உயிரோடு இருந்தவரை, “உன் கைப்பையில் தானாக ஏறி உட்கார்ந்ததா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருடி வைத்தால்தான் வளரும் என்ற பேச்சு ஏன் வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. செடியின் பெயரிலேயே பணம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பவருக்குத் தயக்கம் வரும், வீட்டு லட்சுமியை நம் கையாலேயே ஒடித்துக் கொடுப்பதா என்று. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு தயிர் உறைக்குக்கூட மோர் தராத வீடுகள் நமக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய்விட்டால் கொடுத்த பாவமும் இல்லை, கேட்ட கூச்சமும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சௌகரியமான ஏற்பாடு. வாசலில் தொங்கும் கொடியில் ஒரு முழம் குறைந்திருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுவார்.

2024 மே 19, சற்று நேரம் கழித்து

‘கீரைக்கட்டு’ எழுதியதைப் படித்தேன். அவருடைய ஊரில் கறிவேப்பிலைக் கன்றுக்கும் இதே பேச்சு உண்டாம். அப்படியானால் பணம், லட்சுமி என்று நான் மேலே சொன்ன காரணம் முழுதாகச் செல்லாது. கறிவேப்பிலையில் என்ன லட்சுமி? கொடுக்கல் வாங்கலில் இருக்கும் கூச்சம்தான் பொதுவானது போலிருக்கிறது.

2024 மே 20

திருடுவதென்றாலும் ஒழுங்காகத் திருடுங்கள். இலையை மட்டும் காம்போடு கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரில் வைத்தால் அதில் வேர் வரலாம். மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும். கொடி மட்டும் வராது. புதிய தளிர் கிளம்புவது கணுவிலிருந்துதான். இலை தண்டைத் தொடும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முடிச்சு இருக்கிறதே, அதுதான் கணு. அதற்கு ஒரு விரற்கடை கீழே வெட்டுங்கள். ஒரு கணு, ஓர் இலை போதும். முழுக் கொடியை உருவ வேண்டியதில்லை.

கணு தண்ணீருக்குள் இருக்கட்டும், இலை வெளியே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் வரும். மண்ணுக்கு மாற்றுவதாக இருந்தால் வேர் விரல் நீளம் ஆனதும் மாற்றிவிடுங்கள். நீரிலேயே நீண்டு பழகிய வேர் மண்ணுக்குப் போனதும் சுணங்கும்.

2024 ஜூன் 8

வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில் வைக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: எங்கள் ஃபிளாட்டில் தென்கிழக்கு மூலையில் கழிவறை இருக்கிறது. அங்கேதான் செடி நன்றாக வளர்கிறது. ஈரப்பதம் காரணமாக இருக்கலாம். பணம் வந்தால் சொல்கிறேன்.

2024 ஜூன் 30

பூனை வைத்திருப்பவர் எழுதியிருப்பது விளையாட்டான விஷயம் அல்ல. இலையைக் கடித்துவிட்டு வாயில் நுரை தள்ளியது, சோறு தொடவில்லை என்கிறார்.

சேம்பு, சேனைக் குடும்பம் என்றேனே, வினை அங்கேதான் இருக்கிறது. சேனைக்கிழங்கை நறுக்கும்போது கை ஏன் அரிக்கிறது, அரைவேக்காட்டில் தின்றால் தொண்டை ஏன் கமறுகிறது? கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஊசி ஊசியாக இருக்கும் அவை வாயின் உட்புறத்தில் குத்தும். மணி பிளாண்ட் இலையிலும் அதே ஊசிகள் இருக்கின்றன. சேனையையாவது புளி போட்டு வேகவைத்து வழிக்குக் கொண்டுவருகிறோம். பூனைக்கு அந்த வசதி இல்லை.

பெரும்பாலும் வாய் எரிச்சல், உமிழ்நீர் வடிதல், வாந்தி என்ற அளவோடு நிற்கும். ஆனாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செடியை உயரத்தில் தொங்கவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே யோசனைதான்.

2024 ஜூலை 21

மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் இன்று வந்தார். நேராகக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டைப் பார்த்தார். அடுத்து என் ஜன்னலோரப் பாட்டில்களைப் பார்த்தார். வரிசையாக நிற்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் டார்ச் அடித்து, “இது எத்தனை நாள் தண்ணீர், அம்மா?” என்றார். வெள்ளிக்கிழமை மாற்றியது என்றேன். நம்பாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் செய்தது சரி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நம் வீட்டு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக மாற, நம் ஊர் வெப்பத்தில், ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

பலரும் விட்டுவிடும் பாதி இது: அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் ஈரமான சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு நிரப்பினால் முட்டைக்கு நாமே தண்ணீர் கொடுத்ததாக ஆகும். உட்புறச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் குழாயடியில் அலசிவிடுங்கள், வழவழப்பு போய்விடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இது பொருந்தும்.

கழுத்து குறுகிய பாட்டிலில் கை நுழையாது. மது பாட்டில்களைக் கழுவி அழகாக வைத்திருக்கிறேன் என்று படம் போட்ட தம்பி, படம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே எப்படித் தேய்ப்பாய்?

2024 ஜூலை 22

கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் தேய்ந்துவிடும் என்று தம்பி பதில் எழுதியிருக்கிறார். நல்ல யோசனைதான். குலுக்கியதைத் தரையில் கொட்டுங்கள், வேறு பாத்திரத்தில் அல்ல.

2024 ஆகஸ்ட் 18

காற்றைச் சுத்தம் செய்யும் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நாசாவே சொல்லிவிட்டது என்கிறார்கள்.

நாசா சொன்னது 1989இல். விண்வெளி நிலையம்போல் மூடிய இடத்தில் காற்றை எப்படிச் சுத்தமாக வைப்பது என்பது அவர்கள் கேள்வி. காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற வாயுவைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. ஆய்வில் பழுதில்லை. ஆனால் நம் வீடு காற்றுப் புகாத பெட்டியா? கதவிடுக்கிலும் ஜன்னல் வழியிலும் வரும் காற்று, செடி செய்வதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த வாயுக்களை வெளியே தள்ளிவிடுகிறது.

2019இல் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்று வந்தது. நூறு சதுர அடி அறை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே தொண்ணூறு தொட்டிகளுக்கு மேல். கட்டிலைத் தூக்கி வெளியே போட வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த கிளைக்கதை ஒன்று உண்டு. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நம்முடைய இதே மணி பிளாண்டுக்குள் முயலின் மரபணு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த மரபணு தரும் நொதி பாலூட்டிகளின் கல்லீரலில் இருப்பது, நம் கல்லீரலிலும் உண்டு. அதைப் பெற்ற செடி, மூடிய குப்பிக்குள் இருந்த குளோரோஃபார்மையும் பென்சீனையும் சாதாரணச் செடியைவிட நன்றாகச் சிதைத்தது. அந்தச் செடிக்கும்கூட வீட்டில் வைத்தால் இலைமேல் காற்றைத் தள்ள மின்விசிறி போன்ற ஏதாவது வேண்டும் என்றுதான் அவர்களே சொன்னார்கள்.

பூக்காத செடி என்பது இவர்களுக்கு ஒரு வசதி, கவனித்தீர்களா? மரபணு மாற்றிய செடியின் மகரந்தம் பறந்து போகுமே என்ற கவலை இல்லை.

இலையைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று வளர்த்தால் போதாதா? அதற்கு நாசா கையெழுத்து எதற்கு?

2024 ஆகஸ்ட் 19

மேலே எழுதியது கொஞ்சம் காரமாகிவிட்டது என்கிறார் ‘வடக்குப் பால்கனி’. காரம் இருக்கட்டும். முந்நூறு ரூபாய்க்கு “ஆக்ஸிஜன் செடி” என்று அட்டை தொங்கவிட்டு விற்பதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது அது. ஒடித்துக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும் செடி.

2024 செப்டம்பர் 15

கண்டியிலிருந்து ‘மலைநாட்டுத் தோழி’ எழுதிய குறிப்பை எல்லோரும் படியுங்கள். நகரின் நடுவே இருக்கும் உடவத்தகெலே சரணாலயத்தில் 20 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர், மணி பிளாண்ட் மூடிவிட்டதாம். தரையில் விரித்த பாய்க்கு அடியில் வேறு கன்று எதுவும் முளைப்பதில்லை, மரத்தில் ஏறியதோ உச்சிவரை போகிறது என்கிறார்.

பூ இல்லை, விதை இல்லை, பறவை உதவியும் இல்லை. யாரோ வெட்டி வேலிக்கு வெளியே எறிந்த துண்டுதான் தொடக்கமாக இருந்திருக்க வேண்டும். கொடுத்து வளர்ப்பது நல்லது என்று மே மாதத்தில் எழுதியதில் நான் மாறவில்லை. எறிவது வேறு. கத்தரித்த கொடியைக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள், நம் ஊரிலும் ஈரமும் நிழலும் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

அவர் போட்ட படத்தில் இருக்கும் இலை மணி பிளாண்டே அல்ல, மான்ஸ்டெரா என்று இருவர் சொல்கிறார்கள். மணி பிளாண்ட்தான். மரத்தைப் பற்றி மேலே ஏறும்போது இதன் இலை ஒரு மீட்டர்கூட நீளும், ஓரங்கள் கிழிந்து பிளவுபடும். கீழே தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். ஹாலில் நாம் பார்ப்பது அதன் சிறுபிள்ளைப் பருவம், கடைசிவரை அப்படியே வைத்திருக்கிறோம். பெரிய இலை வேண்டுமென்றால் தேங்காய்நார் சுற்றிய கம்பை நட்டு ஏற்றுங்கள், நாரை ஈரமாக வையுங்கள். கணுவிலிருந்து வரும் வேர் அதைப் பிடித்துக்கொள்ளும். என் கம்பில் மேலே போகப் போக இலை உள்ளங்கையைத் தாண்டிவிட்டது. மீட்டர் கணக்கெல்லாம் ஃபிளாட்டில் நடக்காது, மேல் தளத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

2024 அக்டோபர் 20

மழை தொடங்கியதும் வரும் கேள்வி வந்துவிட்டது: “காலையில் இலை நுனியில் தண்ணீர்ச் சொட்டு நிற்கிறது, செடிக்கு நோயா?” இல்லை. இரவில் காற்று ஈரமாக இருந்தால் இலை வழியாக நீர் ஆவியாவது குறையும். வேர் உறிஞ்சுவது நிற்காது. மிஞ்சியது நுனியில் சொட்டாக வெளியேறுகிறது. மண் நிறைய ஈரம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், ஆகவே அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கோடை அட்டவணையை ஐப்பசியிலும் கடைப்பிடிப்பவர்கள்தான் செடியை அழுகவைக்கிறார்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலை மஞ்சளாகித் தண்டு அடியில் கொழகொழத்தால் வேர் போய்விட்டது. மேலே நல்ல கணுக்கள் இருக்கும்போதே வெட்டித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். இந்தச் செடியிடம் எனக்குப் பிடித்த குணம் இது, முக்கால் பங்கு செத்த பிறகும் ஒரு கணுவிலிருந்து திரும்பி வரும்.

2024 அக்டோபர் 27

வெள்ளை கலந்த ரகம் பச்சையாக மாறுகிறது என்றவருக்கு: வெளிச்சம் போதவில்லை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, சமையல் முழுவதும் பச்சைப் பகுதியின் தலையில். இருட்டில் செடி பச்சையைக் கூட்டிக்கொள்கிறது. ஜன்னலோரம் நகர்த்துங்கள். முழுப் பச்சையாகிவிட்ட தண்டை, கடைசியாக வெள்ளை தெரியும் கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

2024 டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயலுக்கு உள்ளே எடுத்துவைத்த தொட்டிகளை இன்றுதான் பால்கனிக்குத் திருப்பினேன். எல்லாவற்றையும் ஒரே மூலையில் நெருக்கி வைத்ததில் செம்பருத்தியிலிருந்த மாவுப்பூச்சி குடும்பத்தோடு மணி பிளாண்டுக்கு வந்துவிட்டது. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். நான் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மாலையில் தெளிக்கிறேன். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது. வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு முறையாவது தெளிக்க வேண்டும், முட்டையிலிருந்து புதிதாக வருபவை இருந்துகொண்டே இருக்கும்.

ஜனவரியில் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று நங்கநல்லூர், குரோம்பேட்டைக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நானும் வருகிறேன், மேலே சொன்ன பூச்சி போன பிறகு. உங்களிடமிருந்து வாங்குவதையும் இரண்டு வாரம் தனி பாட்டிலில், தனி ஜன்னலில்தான் வைப்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘உரமூட்டை’ அந்த பீஸ் லில்லியில் ஒரு பக்கக் கன்று பிரித்துக் கொண்டுவந்தால் நான் வெள்ளை கலந்ததில் மூன்று கணு தருகிறேன்.